மைல் ஓட்டம்: மூன்றாம் சுற்றில் கால் கனப்பது ஏன்?

கேள்வி:

எனக்கு வயது 33. கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தை மரைன் டிரைவில் ஓடுவேன். 5 கிலோமீற்றரை 20 நிமிடத்தில் முடிப்பேன். இன்னும் ஐந்து கிழமையில் நிறுவனங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி சுகததாச விளையாட்டரங்கில் நடக்கிறது. இம்முறை 1500 மீற்றருக்குப் பதிலாக ஒரு மைல் வைத்திருக்கிறார்கள், பின்னேரம் நாலு மணிக்கு. ஆறு நிமிடத்துக்குள் ஓட ஆசை. போன கிழமை ட்ராக்கில் ஓடிப் பார்த்தேன்: 6:11. முடிவுக் கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும் நேரம் எடுத்ததில் 80, 92, 101, 98 செக்கன். மூன்றாம் சுற்றில் இரண்டு காலும் கனத்துவிடுகின்றன. ஸ்டெமினா போதாது, தூரத்தைக் கூட்டு என்கிறார்கள் நண்பர்கள். கூட்டட்டுமா? முன்னால் போகிறவரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதா, தனியாக ஓடுவதா? கடைசி வேகத்தை எங்கே தொடங்குவது? ஸ்பைக்ஸ் (ஆணிச் சப்பாத்து) வாங்க வேண்டுமா?

– வெள்ளவத்தை வாசகர்

பதில்:

தூரத்தைக் கூட்ட வேண்டாம். 5 கிலோமீற்றரை 20 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு ஆறு நிமிட மைல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கால் கனத்தது மூன்றாம் சுற்றில் என்றாலும், பிழை நடந்தது முதல் சுற்றில். அதிலும் குறிப்பாக முதல் 200 மீற்றரில்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு மைல் 1609.34 மீற்றர். 400 மீற்றர் ட்ராக்கில் நாலு சுற்றும், மேலே 9.34 மீற்றரும். அதனால்தான் மைலின் தொடக்கக் கோடு முடிவுக் கோட்டுக்கு ஒன்பது மீற்றர் சொச்சம் பின்னால் இருக்கிறது. நீங்கள் குறித்த 80 செக்கன் 400 மீற்றருக்கு உரியதல்ல, 409 மீற்றருக்கு உரியது. 400க்கு மாற்றினால் 78 செக்கன். அந்த வேகத்தைக் கடைசிவரை பிடித்திருந்தால் 5:15இல் முடித்திருப்பீர்கள். ஆறு நிமிடம் கேட்கிற ஒருவர் 5:15 ஓடுகிறவரைப் போலத் தொடங்கியிருக்கிறார்.

இலக்கை 5:58 என்று வையுங்கள். 5:59.9ஐக் குறிவைத்தால் ஒருவரைச் சுற்றிக் கடப்பதிலேயே அது போய்விடும். 5:58க்குச் சராசரி வேகம் சுற்றுக்கு 89 செக்கன். ஆனால் ஓடும்போது தலைக்குள் கணக்குப் போட முடியாது. அதனால் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மணிக்கூட்டில் இருக்கவேண்டிய நேரங்களை மட்டும் மனதில் வையுங்கள்: 1:30, 3:00, 4:30, பிறகு 5:58. முதல் 409 மீற்றருக்கு 90, அடுத்த இரண்டு சுற்றுக்கும் 90, 90, கடைசிக்கு 88. இதைவிட இலகுவாக நினைவில் நிற்கும் மைல் அட்டவணை கிடையாது. ஆறு நிமிடத்தைக் குறிவைப்பவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அது.

இப்போது உங்கள் நேரங்களை இதன் பக்கத்தில் வையுங்கள். முதல் சுற்றில் 10 செக்கன் முந்தினீர்கள். இரண்டாவதில் 2, மூன்றாவதில் 11, நாலாவதில் 10 செக்கன் பிந்தினீர்கள். வங்கிக்காரருக்குச் சொல்வதென்றால் 10 கடன் வாங்கி 23 திருப்பிக் கட்டியிருக்கிறீர்கள். இந்த வட்டிக்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

வட்டி ஏன் இவ்வளவு கூட? துப்பாக்கி வெடித்த முதல் பத்துப் பதினைந்து செக்கனுக்குத் தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பொஸ்போகிரியேட்டின் என்ற சேர்மம் சக்தியைக் கொடுக்கிறது. அந்த நேரத்தில் எந்த வேகமும் இலேசாகத்தான் தெரியும். மூச்சும் வாங்காது, காலும் வலிக்காது. உடல் ஒட்சிசனை முழு அளவில் எடுக்க ஒன்றரை நிமிடமாவது ஆகும். அதற்கிடையில் அளவுக்கு மீறி ஓடினால் குறையை ஒட்சிசன் இல்லாமல் குளுக்கோசை உடைத்து நிரப்ப வேண்டியிருக்கும். அப்போது தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது, தசை முன்போல் இழுத்துச் சுருங்க மறுக்கிறது. அதன் விளைவை நீங்கள் உணர்வது இரண்டரை, மூன்று நிமிடத்துக்குப் பிறகு, அதாவது சரியாக மூன்றாம் சுற்றில். ஆறு நிமிட ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு ஒட்சிசனோடுதான் வருகிறது. மிச்சப் பங்கு சிறியது. அதை முதல் சுற்றிலேயே செலவழித்தவருக்குக் கடைசிச் சுற்றுக்கு எதுவும் மிஞ்சாது.

இதற்காக முதல் சுற்றில் பதுங்கவும் வேண்டாம். சற்றே விரைவான தொடக்கம் ஒட்சிசன் எடுப்பதைச் சீக்கிரம் மேலே கொண்டுவரும். மேலே தந்த அட்டவணையிலும் முதல் 90 செக்கன் 409 மீற்றருக்கு என்பதால், அது 400க்கு 88 என்ற வேகம். அந்த ஒரு செக்கன் சலுகை போதும்.

1954 மே 6ஆம் திகதி ஒக்ஸ்போர்டில் ரொஜர் பனிஸ்டர் முதன்முதலாக நாலு நிமிடத்துக்குள் மைல் ஓடியபோது அவருடைய சுற்றுகள் 57.5, 60.7, 62.3, 58.9. இரண்டு வேகத்துணைவர்கள் முறை வைத்து முன்னால் ஓடியும் மூன்றாவது சுற்றே ஆக மெதுவானது. ஆகவே மூன்றாம் சுற்று தளர்வது உங்களுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. ஆனால் அவருடைய வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் இடையில் 4.8 செக்கன்தான். உங்களுக்கு 21.

இனி ஓட்டத்தை இடம் இடமாகப் பார்ப்போம்.

தொடக்கக் கோடு வளைந்திருக்கும், எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். 400 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டங்களில் ஆயத்தக் கட்டளை ஒன்றுதான், அதன் பிறகு நேரே வெடி. ஒரு காலை முன்னால் வைத்து, எதிர்க்கையை முன்னால் கொண்டுவந்து, உடலைச் சற்று முன்சாய்த்து நில்லுங்கள். ஆக உள்பக்கத்தில் நிற்காதீர்கள். பத்து மீற்றரில் வளைவு வந்துவிடும். வெளியில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே வெட்ட, நீங்கள் உள்விளிம்போடு அடைபட்டுப் போவீர்கள். நடுவிலோ சற்று வெளியிலோ நின்று, அறுபது எழுபது மீற்றருக்குள் ஆறுதலாக முதல் லேனுக்கு வாருங்கள். கையால் ஒதுக்குவதும், வளைவில் விளிம்புக்கு உள்ளே கால் வைப்பதும் தகுதி நீக்கம் வரை போகக்கூடியவை.

உங்களுக்கு இரண்டு சோதனைச் சாவடி தருகிறேன். மைலில் இருந்து 1500ஐக் கழித்தால் 109.34 மீற்றர். ஆகவே முதல் வளைவு முடியப் போகும் இடத்தில் வரும் 1500 மீற்றர் தொடக்கக் கோட்டில் நீங்கள் 109 மீற்றர் ஓடியிருப்பீர்கள். அங்கே மணிக்கூடு 24 காட்ட வேண்டும். பின் நேர்ப்பாதை (முடிவுக் கோட்டுக்கு எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதை) முடிந்து அடுத்த வளைவு தொடங்கும் இடத்தில், உள் லேனின் 200 மீற்றர் தொடக்கக் கோட்டில், 46. போன கிழமை அந்த இடத்தை 40 அளவில் தாண்டியிருப்பீர்கள். 42, 43 என்று கண்டால் திடீரென்று பிரேக் போடாதீர்கள். தோளைத் தளர்த்தி, அந்த வளைவு முழுவதும் மெல்ல மெல்ல வேகத்தை இறக்குங்கள். முதல் கோட்டை 1:26இல் தாண்டிவிட்டாலும் இதே வைத்தியம்தான், அடுத்த சுற்றை 92இல் ஓடலாம். மறுபுறம் 1:33 என்றால் அவசரப்பட வேண்டாம். மூன்று செக்கனை மிச்ச மூன்று சுற்றிலும் பகிர்ந்து எடுங்கள், ஒரே வளைவில் எடுக்கப் பார்க்காதீர்கள்.

மனதைத் தயார்படுத்தவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அலுவலகப் போட்டி என்றால் பள்ளிக்கூடத்தில் 400 ஓடிய பெடியன்கள் நாலைந்து பேராவது 75 செக்கனில் முதல் சுற்றை எடுப்பார்கள். 200 மீற்றரில் உங்களுக்குப் பின்னால் இரண்டு பேர்தான் இருப்பார்கள், பார்வையாளர் அரங்கில் உங்கள் கிளைக்காரர்கள் கத்துவார்கள். விட்டுவிடுங்கள். அவர்களில் பாதிப்பேர் கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்க முன்னரே உங்களிடம் வந்துசேர்வார்கள்.

இரண்டாம் சுற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூச்சு ஒரு தாளத்துக்கு வரும், கை கால் இலேசாக ஓடும். உங்கள் வேகத்தில் ஓடும் ஒருவருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளுங்கள், 3:00இல் கோட்டைத் தாண்டுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் சுற்றுதான் மைல். இங்கே இரண்டு விதமாக நேரம் போகும். ஒன்று, முன்பு சொன்ன கடன், அதைத் தீர்த்துவிட்டோம். மற்றது கவனம். தொடக்கப் பரபரப்பு போய்விட்டது, முடிவு இன்னும் கண்ணில் படவில்லை, உடல் தன்னிச்சையாகக் கடைசிச் சுற்றுக்குச் சேமிக்கத் தொடங்கும். ஒருவர் வேகம் குறைந்ததே தெரியாமல் நாலு செக்கன் இழப்பது இந்தச் சுற்றில்தான். ஆகவே இங்கே அதே வேகத்தில் ஓட வேண்டுமென்றால், வேகம் கூட்டுவதாக நினைத்துத்தான் ஓடவேண்டும். பத்து மீற்றர் முன்னால் போகிறவரின் தோள்பட்டை எலும்பில் கண்ணை வையுங்கள், தரையைப் பார்க்காதீர்கள். வளைவில் அவரோடு தூரத்தைக் காப்பாற்றி, பின் நேர்ப்பாதையில் பிடியுங்கள், பிறகு அடுத்தவர். மூச்சை விடுவதில் கவனம் வையுங்கள். நன்றாக விட்டால் உள்ளே எடுப்பது தானாக நடக்கும். தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கினால் ஒரு தடவை இரு கைகளையும் கீழே தொங்கவிட்டு உதறி, மறுபடி மடக்குங்கள். கால் கனக்கும்போது எட்டை நீட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பாதம் உடலுக்கு முன்னால் போய் விழும், ஒவ்வொரு எட்டும் ஒரு சிறிய பிரேக் ஆகிவிடும். எட்டைக் குறுக்கி, கையை விரைவாக ஆட்டுங்கள். கால் கையைப் பின்தொடரும்.

மணி அடிக்கும்போது 4:30. உடனே பாயக் கூடாது. 400 மீற்றர் முழுவதும் உச்ச வேகத்தில் ஓட அந்த நேரத்தில் யாருடைய காலிலும் சரக்கு இருக்காது. மணிக்குப் பிந்திய வளைவில் இருக்கிற வேகத்தைக் காப்பாற்றினால் போதும். 300 மிச்சம் இருக்கும்போது, அதாவது அந்த 1500 தொடக்கக் கோட்டில், ஒரு படி ஏற்றுங்கள். 200 கோட்டில் இன்னொரு படி. கடைசி வளைவை விட்டு வெளியே வந்ததும் மிச்சம் உள்ளதெல்லாம். கடைசி 100இல் மட்டும் ஓடி ஏற்றுவதை நம்பியிருப்பவர்கள் அங்கே அதிகம் போனால் ஒன்றரை செக்கன் எடுப்பார்கள். 300இல் இருந்து ஏற்றுபவர் மூன்று, நாலு எடுக்கலாம். மணியில் 4:33 என்றாலும் கதை முடியவில்லை, 86 ஓடினால் 5:59. 4:36 என்றால் அன்றைக்கு நேரத்தை மறந்து, முன்னால் உள்ளவரைப் பிடிக்க ஓடுங்கள்.

அடுத்தவரைப் பிடித்துக்கொண்டு ஓடலாமா என்றால், அவர் உங்கள் வேகத்தில் ஓடுகிறாரா என்பதைப் பொறுத்தது. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில், காற்று வீசாத நேரத்தில், பின்னால் ஓடுவதால் உடலுக்குக் கிடைக்கும் இலாபம் சிறிது. வேகத்தை முடிவெடுக்கும் வேலை இல்லை என்பதே பெரிய இலாபம். எதிர்காற்று இருந்தால் கணக்கு மாறும். அந்த நேர்ப்பாதையில் கட்டாயம் ஒருவருக்குப் பின்னால் இருங்கள், காற்று முதுகில் இருக்கும் பக்கத்தில் கடவுங்கள். ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் பின்னால், சற்று வலப்பக்கமாக ஓடினால் கால் தடக்காது, வெளியேறவும் வழி இருக்கும். வளைவில் கடக்காதீர்கள். இரண்டாம் லேனில் ஒரு வளைவு முழுவதும் ஓடினால் மூன்றரை மீற்றர் கூடுதல், உங்கள் வேகத்தில் அது முக்கால் செக்கனுக்கு மேல். எட்டு வளைவிலும் அப்படி ஓடினால் ஆறு செக்கன் காற்றில் போய்விடும். நேர்ப்பாதையில் கடக்கும்போதும் பக்கத்தில் நின்று பேச்சுவார்த்தை நடத்தாமல், ஆறேழு காலடியில் சட்டென்று தாண்டுங்கள்.

ஐந்து கிழமைக்குப் பயிற்சி: கிழமைக்கு இரண்டு நாள் கடுமை, ஒரு நாள் 50 நிமிட இலேசான நீள ஓட்டம், இன்னொரு நாளோ இரண்டு நாளோ அரை மணித்தியாலம் ஆறுதலாக. கடுமையான நாள்களில் ஒன்று மரைன் டிரைவிலேயே நடக்கலாம்: 20 நிமிடம் கிலோமீற்றருக்கு 4:15 முதல் 4:20 வரை. மற்றது ட்ராக்கில். முதல் கிழமை 8 தடவை 200 மீற்றர், 44 – 45 செக்கனில், இடையில் 200 மீற்றர் நடையும் மெல்லோட்டமும். இரண்டாம் கிழமை 6 தடவை 400, 89இல், இரண்டு நிமிட ஓய்வு. மூன்றாம் கிழமை 3 தடவை 600, 2:14இல், நாலு நிமிட ஓய்வு, முடிவில் 42 செக்கனில் இரண்டு 200. நாலாம் கிழமை ஒரு 1000 மீற்றர் 3:43இல், மூன்று நிமிடம் நின்று, 600 மீற்றர் 2:10இல். அந்த 600தான் உங்கள் மூன்றாம், நாலாம் சுற்றின் ஒத்திகை. ஐந்தாம் கிழமை போட்டிக்கு நாலு நாள் முன்பு நாலு 200 மட்டும், போதிய ஓய்வோடு. குறித்த நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டு மகிழ வேண்டாம். 89 ஓடச் சொன்ன இடத்தில் 84 ஓடுவது போன கிழமை முதல் சுற்றில் செய்த அதே பிழைதான்.

இந்த 200களில் பாதியை மணிக்கூட்டைப் பார்க்காமல் ஓடுங்கள். முடித்ததும் எத்தனை செக்கன் என்று முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். ஒரு செக்கனுக்குள் சரியாகச் சொல்ல வந்துவிட்டால் போட்டியில் பாதி வேலை முடிந்தது. ஜிபிஎஸ் மணிக்கூட்டின் தூரத்தை ட்ராக்கில் நம்ப வேண்டாம், வளைவுகளில் அது பிசகும். தானாகச் சுற்றுப் பிரிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, கோட்டில் நீங்களே பொத்தானை அழுத்துங்கள். பள்ளிக்கூடப் புல் மைதானத்தில் பயிற்சி என்றால், சுண்ணாம்பில் போட்ட சுற்று 400 மீற்றர்தானா என்று முதலில் நாடா பிடித்து அளந்து பாருங்கள்.

பின்னேரம் நாலு மணிக் கொழும்பு வெக்கையும் புழுக்கமும் ஆறு நிமிட ஓட்டத்தைக் கெடுப்பதில்லை, அதற்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்பதுதான் கெடுக்கிறது. பகல் சாப்பாட்டை 12 மணியோடு முடியுங்கள்: அளவாகச் சோறு, ஒரு முட்டை, எண்ணெய் குறைந்த மரக்கறி. தேங்காய்ச் சம்பலும் பொரியலும் பருப்பும் போட்டி முடிந்த பிறகு. இரண்டு மணிக்கு ஒரு வாழைப்பழமும் பிளேன்டீயும். செவ்விளநீர் குடிப்பதென்றால் ஓட்டத்துக்குப் பிறகு. 3:20க்கு நிழலில் எட்டுப் பத்து நிமிட மெல்லோட்டம், ஐந்து நிமிடம் கால் வீச்சும் முழங்கால் உயர்த்தலும், பிறகு போட்டி வேகத்தில் ஒரு 200, அறுபது மீற்றர் விரைவோட்டம் மூன்று. ஓட்டத்துக்கு எட்டு நிமிடம் முன்பு எல்லாம் முடிய வேண்டும். அந்த 200ஐ விடாதீர்கள். ஒட்சிசன் எடுப்பதை அது முன்கூட்டியே தட்டி எழுப்பும், அதோடு 44 செக்கன் எப்படி இருக்கும் என்பதைக் காலுக்கு ஞாபகப்படுத்தும். நிகழ்ச்சி நிரலில் 4:00 என்று போட்டிருப்பது 4:00 ஆக இருக்கும் என்று நம்பிச் சூடேற்ற வேண்டாம். பெயர் கூப்பிடும் மேசையில் எத்தனை நிகழ்ச்சி மிச்சம் என்று கேட்டுத் தொடங்குங்கள். சூடேற்றிய பின் பிந்தினால், உட்காராமல் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் மெல்ல ஓடி, கழுத்தில் ஈரத் துவாய் போட்டு நிழலில் நில்லுங்கள். இந்த ஐந்து கிழமைக்குள் டெங்கு போன்ற காய்ச்சல் வந்து எழும்பினாலோ, ஓடும்போது நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தாலோ இந்த அட்டவணையை மூடிவைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள்.

ஸ்பைக்ஸ் கட்டாயம் இல்லை. பழக்கமில்லாத காலுக்குக் கெண்டைத் தசையும் குதிநாணும் மூன்றாம் நாள் பதில் சொல்லும். வாங்குவதென்றால் இந்தக் கிழமையே நடுத்தூர ஓட்டத்துக்கான சோடியை வாங்கி, முதலில் அறுபது மீற்றர் விரைவோட்டங்களுக்கு, அடுத்த கிழமை 200களில் பாதிக்கு என்று பழக்குங்கள். செயற்கை ட்ராக்குக்கு 6 மில்லிமீற்றர் ஆணி போதும், 9க்கு மேல் விதி இடம் தராது. போட்டிக்கு முதல் நாள் புதுப் பெட்டி திறப்பதைவிட, ஓடிப் பழகிய இலேசான சப்பாத்து எவ்வளவோ மேல்.

நேரம் சொல்ல ஒரு சக ஊழியரை ஒழுங்கு செய்யுங்கள். ட்ராக்குக்கு உள்ளே நின்று கத்தினால் நடுவர்கள் அதை உதவி என்று எடுத்துக்கொள்ளலாம், அவர் பார்வையாளர் பக்கத்து வேலிக்கு வெளியே நிற்கட்டும். முடிவுக் கோட்டில் உங்கள் கையிலேயே மணிக்கூடு இருக்கும், அங்கே அவர் தேவையில்லை. அவர் போக வேண்டியது பின் நேர்ப்பாதையின் முடிவில் உள்ள 200 கோட்டுக்கு நேராக. முதல் தடவை 46, அடுத்து 2:15, பிறகு 3:45, இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கடக்கும்போது நேரத்தை அல்ல, அதிலிருந்து எத்தனை செக்கன் முந்தி, எத்தனை பிந்தி என்பதை மட்டும் அவர் உரக்கச் சொல்ல வேண்டும்.